மருந்து தொடும் இடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் விருந்துண்டு எழுந்தவர் முன் வெற்றிலைத் தட்டம் வைப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு, அவற்றோடு ஒரு நறுக்குப் புகையிலை. மென்ற சிறிது நேரத்தில் எச்சில் பெருகுகிறது. மேனி வெதும்பி நெற்றி வியர்க்கிறது. புதிதாக மெல்பவருக்குத் தலை கிறுகிறுக்கிறது. பழகியவருக்கோ சோர்வு நீங்கி உற்சாகம் பிறக்கிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருளும், புகையிலையிலுள்ள நிக்கோட்டினும் இவற்றைச் செய்கின்றன. சுண்ணாம்பின் காரம் இரண்டையும் வாயின் மென்தோலினூடாக விரைந்து குருதியிற் சேரச் செய்கிறது. இவ்வளவும் நேயர்கள் பலர் அறிந்திருக்கக் கூடியதே. ஆனால், கடுகினும் சிறிய அளவான ஒரு பொருள் நாவுக்கும் நெற்றிக்கும் இதயத்துக்கும் வெவ்வேறு கட்டளை இடுவது எங்ஙனம்? உடலில் அது எதைத் தொடுகிறது? தொட்டபின் அங்கு நடப்பது யாது? மருந்தியலின் மூலக் கேள்வி இதுவே. இதற்கு விடை தேடிய வரலாற்றில் யாழ்ப்பாணத்தாருக்கு நன்கு பழக்கமான பொருள்கள் பெரும்பங்கு கொண்டிருக்கின்றன. புகையிலை, பாக்கு, ஊமத்தை, விரியன் நஞ்சு ஆகியவை அவை.

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி ஆற்றிய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என அவர் முயற்சியால் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இன்ன மருந்துக்கு இன்ன குணம், இன்ன அளவு என்பவற்றை அக்கால மாணவர் ஐயமறக் கற்றனர். அம்மருந்து உடலின் எவ்விடத்தைப் பற்றிக்கொண்டு தன் குணத்தைக் காட்டுகிறது என்ற வினாவுக்கோ மானிப்பாயில் மட்டுமன்று, இலண்டனிலும் அன்று தக்க விடை இருக்கவில்லை.

விடையின் முதற்கீற்றுப் புகையிலையிலிருந்து பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் ஜோன் நியூப்போட் லாங்லி என்பவர், கோழியின் காற்றசையில் நிக்கோட்டினை இட்டார். தசை சுருங்கி விறைத்தது. பின்னர் தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியிற் பூசும் குராரி என்னும் நஞ்சை இட்டார். விறைப்புத் தளர்ந்தது. நிக்கோட்டின் நரம்பைத் தூண்டி அதன் வழியாகத் தசையைச் சுருக்குகிறது என்று கூறிவிடலாமோ எனின், கூடாது; நரம்பை முன்னரே வெட்டி, அதன் முனைகள் அழியும்வரை காத்திருந்து பார்த்தபோதும் தசை நிக்கோட்டினுக்குச் சுருங்கிற்று. அப்படியாயின் சுருங்கும் தசைப்பொருளையே நிக்கோட்டின் தாக்குகிறதோ எனின், அதுவும் பொருந்தாது. குராரியால் தளர்ந்த தசை, மின்சாரம் நேரே பட்டபோது வழமைபோலச் சுருங்கிற்று. எனவே நரம்பும் அல்லாத, சுருங்கும் பொருளும் அல்லாத மூன்றாவது ஒன்று அங்கே இருத்தல் வேண்டும். நிக்கோட்டினும் குராரியும் அதற்காகவே போட்டியிடுகின்றன. 1905இல் லாங்லி அதற்கு ‘ஏற்கும் பொருள்’ என்று பெயரிட்டார். கண்ணாற் காணாத ஒன்றை, இரு நஞ்சுகளின் பிணக்கிலிருந்து உய்த்தறிந்த அத்திறம் வியக்கத்தக்கது.

அவர் ஏற்கும் பொருள் என்றதையே இன்று ஈழத்துப் பாடநூல்கள் வாங்கி என்கின்றன. தமிழகத்தார் ஏற்பி என்பர். உடலின் கலங்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. அச்சவ்வை ஊடுருவி, ஒரு முனை வெளியிலும் மறு முனை உள்ளிலுமாக நிற்கும் புரதங்களே வாங்கிகள். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் முன்னாளில் நின்ற துலாவை நினைத்தால் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். துலா மிதிப்பவன் நீரைத் தொடுவதில்லை. மேலே மரத்தில் நடக்கிறான். கிணற்றுக்குள்ளே பட்டை இறங்கி ஏறுகிறது. மருந்தும் கலத்தினுள்ளே புகவேண்டுவதில்லை. வெளிமுனையைத் தொட்டு அசைத்தால் போதும். உள்ளே வேலை நடக்கும். நன்றாக மிதிப்பவனைப் போன்ற மருந்தை முழுத்தூண்டி எனலாம். அரைகுறையாக மிதித்துச் சிறிதளவே நீர் வரச்செய்பவனைப் போன்றது பகுதித்தூண்டி. தானும் மிதியாது, பிறரும் மிதிக்க இடங்கொடாது துலாவில் வெறுமனே அமர்ந்திருப்பவனைப் போன்றது தடுப்பான். குராரி அத்தகைய தடுப்பான்.

நரம்புகள் தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இயற்கைப் பொருள் அசற்றைல்கோலின். ஒரே பொருளாகிய இது ஓரிடத்தில் நிக்கோட்டினைப் போலவும், வேறோரிடத்தில் மஸ்கரின் என்னும் காளான் நஞ்சைப் போலவும் தொழிற்படுவதை 1914இல் ஹென்றி டேல் எடுத்துக்காட்டினார். அதனால் அசற்றைல்கோலின் வாங்கிகள், நிக்கோட்டின் வகை, மஸ்கரின் வகை என இரு பெருங்குடும்பங்களாயின. புகையிலை முதலாவதைத் தூண்டும். பாக்கின் அரிக்கோலின் இரண்டாவதைத் தூண்டும். எச்சில் ஊறுவதும் வியர்ப்பதும் அதனாலேயே. ஊமத்தையிலுள்ள அத்திரோப்பீன் இந்த இரண்டாங் குடும்பத்துக்குத் தடுப்பான். அது உட்சென்றவர்க்கு நா வறள்வதும் இதயம் படபடப்பதும் இதனால்தான். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து சிலவற்றால் உடலில் அசற்றைல்கோலின் அளவுக்கு மீறித் தேங்கிவிட்ட நோயாளிக்கு மருத்துவமனையில் அந்த அத்திரோப்பீனே உயிர்காக்கும் மருந்தாகிறது. தட்டத்து வெற்றிலைச் சுருள் ஒன்றுக்குள் இரண்டு வாங்கிக் குடும்பங்களின் திறவுகோலும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை, அதனை மடித்துக் கொடுத்த முன்னோர் அறிந்திருக்க நியாயமில்லை.

வாங்கி உண்டென்று உய்த்தறிந்தாயிற்று. அதனை எண்ணிக் காட்டுவது எவ்வாறு? இங்கே பாம்பு நஞ்சு உதவிக்கு வந்தது. எண்ணெய் விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் பெயர் பெற்ற பாம்பு வட இலங்கையில் எல்லோரும் அஞ்சுவது. இரவில் நிலத்தில் பாய் விரித்து உறங்குபவரையே அது பெரும்பாலும் தீண்டும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இராமையால், தீண்டப்பட்டவர் அதனை உணராமலே மறுபடியும் உறங்கிவிடுவதுண்டு. விடியுமுன் வயிற்று நோவு எழும், இமைகள் தாமாகச் சாயும், பேச்சுக் குழறும், ஈற்றில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடும். நினைவு இருக்கும்போதே மூச்சு நிற்பதே இந்நஞ்சின் கொடுமை. தைவான் நாட்டிலுள்ள இதன் இனப்பாம்பொன்றின் நஞ்சைச் சாங், லீ என்னும் இரு அறிஞர்கள் 1963இல் கூறுகளாகப் பிரித்தனர். ஒரு கூறு நரம்பின் நுனியைச் சிதைக்கிறது. மற்றொன்று தசையிலுள்ள நிக்கோட்டின் வாங்கியை இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதேயில்லை. முதல்வகைச் சேதம் நேர்ந்தபின் நஞ்செதிர் மருந்தினால் அதனை மீட்க இயலாது. நரம்பின் நுனி மீண்டும் துளிர்க்கும்வரை, நாட்கணக்கில், பொறியின் உதவியால் நோயாளியின் மூச்சைக் காத்தல் வேண்டும். தீண்டப்பட்டவரைப் பார்வை பார்க்கவும் கல் வைக்கவும் கொண்டுதிரிந்து நேரத்தைக் கழிப்பது எத்துணை ஆபத்தானது என்பதை விளக்க இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

விடாப்பிடியாகப் பற்றும் அந்த இரண்டாங் கூற்றை ஆய்வாளர் ஒரு கருவியாக்கினர். அதனோடு கதிரியக்க அயடீனை இணைத்துத் தசையில் இட்டு, மிஞ்சியதைக் கழுவிவிட்டால், எங்கெல்லாம் கதிர் வீசுகிறதோ அங்கெல்லாம் வாங்கி உண்டு. மாட்டுக்குக் குறிசுட்டு அடையாளம் காண்பதைப் போன்ற முறை இது. 1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மின்மீன்களின் உறுப்பிலிருந்து வாங்கியைப் பிரித்தெடுத்ததும், தசைத் தளர்ச்சி நோயொன்றில் நோயாளிகளின் தசையில் இவ்வாங்கிகள் குறைந்திருப்பதை 1973இல் கண்டதும் இம்முறையின் வெற்றிகள். கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒளிரும் சாயங்களைக் குறியாக ஒட்டும் முறைகள் பின்னர் பெருகின.

ஆயினும் குறிசுடுவதற்கு ஓர் எல்லை உண்டு. நிக்கோட்டினைப் போன்ற சிறு மூலக்கூறு ஒன்றோடு பருமனான சாயத்தை ஒட்டினால், அது பழைய மூலக்கூறாகவே நடந்துகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. பட்டுவேட்டிக்காரன் முதுகில் நெல்மூட்டையைக் கட்டிவிட்டு அவன் நடையழகை ஆராய்வது போலாகும். அதனினும் முக்கியமான குறை வேறொன்று. துலாவில் ஆள் இருக்கிறான் என்பதை மட்டுமே குறி சொல்லும். அவன் மிதிக்கிறானா, அரைகுறையாக மிதிக்கிறானா, சும்மா இருக்கிறானா என்பதைச் சொல்லாது. நஞ்சுக்கும் மருந்துக்கும் உள்ள வேற்றுமை பல வேளைகளில் இங்கேதான் அடங்கியிருக்கிறது. கலத்தினுள்ளே எழும் இரசாயனங்களுள் ஒன்றை மட்டும் அளந்து பார்க்கும் முறைகளும் இருந்தன. ஆனால் எதை அளப்பதென்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால், எதிர்பாராத வழியில் விடையளிக்கும் கலம் ஊமையாகவே தோன்றும்.

கலத்துக்கு எவ்விதக் குறியும் ஒட்டாமல், அதனையே சாட்சியாக நிறுத்தினால் என்ன? இவ்வழியைத் திறந்தவர்களுள் ஒருவர் நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பௌதிக அறிஞர் ஐவர் கியேவர். 1973இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவரும் உயிரியலுக்குத் திரும்பியவருமான இவர், சார்ள்ஸ் கீஸ் என்பவரோடு சேர்ந்து 1984இல் எளிமையான ஓர் ஏற்பாட்டை வெளியிட்டார். சிறு கிண்ணத்தின் அடியிலே பொன்னாலான மின்வாய். அதன் அகலம் கால் மில்லிமீற்றர் அளவு. அதன்மேல் உயிருள்ள கலங்கள் ஒட்டி வளர்கின்றன. திசைமாறும் மின்னோட்டம், ஓர் அம்பியரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே, அதனூடு செலுத்தப்படுகிறது. கலம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் கலங்கள் மின்வாயை எவ்வளவு மூடுகின்றனவோ அவ்வளவு தடங்கல் உண்டாகிறது. வாய்க்காலில் மண் அணைத்தால் நீர் தேங்குவதை ஒத்தது இது. மருந்துத் துளி ஒன்று விழுகிறது, வாங்கி அசைகிறது, கலத்தின் உட்சட்டகம் இழுபட்டு அதன் உருவம் மிகச் சிறிதளவு மாறுகிறது, அயற்கலத்தோடு அதற்குள்ள இடைவெளி விரிகிறது அல்லது ஒடுங்குகிறது. நுணுக்குக்காட்டியிலும் தெரியாத இந்தச் சிறு மாற்றத்தை மின்தடங்கலின் ஏற்ற இறக்கம் காட்டிவிடுகிறது.

மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. கிண்ணத்தின் அடியில் மிக நெருக்கமான வரிகள் பொறிக்கப்பட்ட மெல்லிய படலம் இருக்கும். கீழிருந்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், குறித்த ஓர் அலைநீளமுள்ள ஒளி மட்டும் திரும்பி வரும். கலத்தின் அடிப்புறத்தில் புரதங்கள் வந்து கூடினாலும் விலகினாலும் அந்த அலைநீளம் நூலிழையளவு நகரும். இவ்வொளி கலத்தினுள் எட்டுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு ஆழத்துக்கே. கலத்தின் உள்ளங்காலை மாத்திரம் தொட்டுப் பார்த்து அதன் மனநிலையை அறிவது போன்றதாயினும், 2006ஆம் ஆண்டளவில் இருந்து இக்கருவிகள் மருந்து ஆய்வுகூடங்களிற் பரவியிருக்கின்றன. ஒரே தட்டில் 384 கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மருந்து. மருந்திட்ட கணத்திலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் கோடு எழுகிறது, தாழ்கிறது, நிலைக்கிறது.

அக்கோட்டை வாசிப்பதுதான் கலை. மஸ்கரின் வகை வாங்கிகள் ஐந்து. அவை ஜீ புரதம் எனப்படும் இடைத்தூதர் வழியாகவே உள்ளே செய்தி அனுப்புகின்றன. இதயத்தை மெதுவாக்கும் இரண்டாவது வாங்கிக்கு ஒருவகைத் தூதர். எச்சிற் சுரப்பியை இயக்கும் மூன்றாவது வாங்கிக்கு வேறு வகைத் தூதர். இன்று வழங்கும் மருந்துகளுள் ஏறத்தாழ மூன்றிலொன்று இத்தகைய தூதரை நம்பிய வாங்கிகளையே நாடுவன. இவ்வாங்கிகளை ஆராய்ந்தமைக்காக லெஃப்கோவிட்ஸ், கோபில்கா என்னும் இருவர் 2012இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரே வகைக் கலத்தில் சோதித்தால், தூதர் மாறக் கோட்டின் வடிவமும் மாறுகிறது. செருமனியின் பொன் நகரத்து ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தோரும் 2010இல் இதனை விரிவாகக் காட்டினர். எத்தூதர் போனார் என்று உறுதிசெய்ய அவர்கள் கையாண்ட கருவிகள் வியப்பானவை. குக்கல் இருமலை உண்டாக்கும் கிருமியின் நஞ்சு ஒருவகைத் தூதரை முடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடாநாட்டைப் பலமுறை வாட்டிய வாந்திபேதிக் கிருமியின் நஞ்சோ மற்றொருவகைத் தூதரை ஓயாது ஓடச்செய்து புதிய செய்திக்குப் பயனற்றவராக்கும். இந்நஞ்சை முன்னரே இட்டபின் கோடு எழாவிடில், அத்தூதரே செய்தி கொண்டு போனவர் என்பது துணிபு.

கலத்தின் சாட்சியத்தை அப்படியே நம்பிவிடுதலும் தகாது. ஏதோ நடந்தது என்று அது கூறும். யாரால் நடந்தது என்று தானே கூறாது. கலத்தில் பல்வேறு வாங்கிகள் உண்டு. அரிக்கோலினை இட்டதும் கோடு எழுந்தால் அது மஸ்கரின் வாங்கியாலேயே எழுந்தது என்று எப்படிச் சொல்வது? முன்கூட்டியே அத்திரோப்பீனை இட்டுப் பார்த்தல் வேண்டும். அப்போது கோடு எழாமற் படுத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. நூறாண்டுக்கு முன் லாங்லி நிக்கோட்டினையும் குராரியையும் ஒன்றோடொன்று மோதவிட்டார் அன்றோ? பொன் மின்வாயும் ஒளிப்படலமும் வந்தபின்னரும் நியாயம் அதே நியாயந்தான். கிண்ணத்தின் வெப்பம் அரைப்பாகை மாறினாலும், துளி விழும் அதிர்ச்சியாலும்கூடக் கோடு அசையும்; மருந்தில்லாத வெறுந்துளியை அயற்கிண்ணத்தில் இட்டு ஒப்பிடாத ஆய்வு ஆய்வாகாது.

இனி, பாக்கின் கதைக்கு வருவோம். அரிக்கோலின் மஸ்கரின் வாங்கியையே தூண்டுவது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அப்படியாயின், எச்சிலூறுவதும் வியர்ப்பதும் விளங்கும்; புகையிலை சேராமல் வெறும் பாக்கு மெல்பவரும் அதனை விடமுடியாமல் தவிப்பது ஏன் என்பது விளங்கவில்லை. 2015இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் மனித வாங்கிகளைத் தவளை முட்டையில் தோன்றச்செய்து, மின்வாய் கொண்டு சோதித்தபோது, மூளையிலுள்ள ஒருவகை நிக்கோட்டின் வாங்கியை அரிக்கோலின் பகுதித்தூண்டியாக அசைப்பதைக் கண்டனர். அடிமைப்படுத்தும் வாங்கியும் அதுவே. ஆகவே புகையிலையும் பாக்கும் ஒரே துலாவில் ஏறுகின்றன; ஒன்று முழுதாகவும் மற்றது அரைகுறையாகவும் மிதிக்கின்றன. எந்த மூலக்கூற்றிலும் குறி ஒட்டாமல், வாங்கியின் செயலையே நேராக அளந்ததால் கிடைத்த உண்மை இது.

இதனாற் பயன் என்னவெனின், பகுதித்தூண்டியைக் கொண்டே பழக்கத்தை விடுவிக்கும் மருந்து ஏற்கனவே உண்டு. சிற்றிசின் என்னும் தாவரப்பொருள் பல்கேரிய நாட்டில் 1964 முதல் புகைத்தலை விடுவதற்கு விற்கப்பட்டது. அதனைப் பின்பற்றி ஆக்கப்பட்ட வரெனிக்கிளின் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை அதே வாங்கியில் அமர்ந்து, விடாய் அடங்கும் அளவுக்குச் சிறிதே மிதித்து, நிக்கோட்டின் வந்து ஏறுவதற்கு இடமின்றிச் செய்கின்றன. பாக்கு மெல்பவருக்கும் இம்மருந்துகள் உதவக்கூடும் என்று அப்புளோரிடா ஆய்வாளர் கருதினர். கருத்து வேறு, நோயாளரிடம் நிறுவப்பட்ட பயன் வேறு என்பதையும் மறத்தலாகாது.

யாழ்ப்பாணத்தில் இது வெறும் ஆய்வுகூடச் செய்தியன்று. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இக்குடாநாட்டுப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. ஊரின் பெயரே திரிந்து அங்கே மெல்லும் புகையிலைக்குப் பெயராயிற்று. செம்மண் தோட்டங்களில் குடும்பங்களை வாழவைத்த பயிர் அது. பனியில் நனைந்த இலையை வெறுங்கையால் முறிக்கும் தோட்டக்காரருக்குத் தோலினூடு நிக்கோட்டின் ஊறி வாந்தியும் மயக்கமும் வருவதுண்டு. வாயிலே இடாமலே வாங்கி அசைந்துவிடுகிறது. இலங்கை ஆண்களிடையே காணும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னிற்பது. பாக்குத் தானே புற்றுநோய் விளைக்கும் பொருள் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011இல் மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையை அறியாதார் வடக்கில் இலர். வாயிலே வெள்ளைத் தழும்பு தோன்றியபோதே பழக்கத்தை விட்டவர், பிந்தி அங்கே போகவேண்டிய நிலையைத் தவிர்த்துக்கொள்ளக்கூடும். ஆனால் விடு என்று சொல்வது எளிது. மூளையின் வாங்கி விடுவதில்லை.

பொன் மின்வாய்த் தட்டு இவ்விடத்தில் இரண்டு வேலை செய்யக்கூடியது. வாங்கி எவ்வளவு மிதிபடுகிறது என்பதை அதில் அளக்கலாம். வாயின் உட்தோற்கலங்களையே அதன்மேல் வளர்த்தால், அவை நெருங்கி நின்று அமைக்கும் வேலி எப்போது தளர்கிறது என்பதையும் அளக்கலாம். கலங்கள் விலகினால் தடங்கல் விழுந்துவிடுமன்றோ? ஆனால், தட்டில் இடுவது தூய அரிக்கோலினாக மட்டும் இருத்தல் போதாது. சுண்ணாம்பு பட்டவுடன் வாயிலே அரிக்கோலினின் ஒரு பகுதி அரிக்கைடீன் என்னும் வேறு பொருளாக மாறிவிடுகிறது. மெல்பவர் வாய்க்குள் சேர்வது இரண்டின் கலவை. அதனோடு புகையிலைச் சாறும் கலந்தது.